குழாயின் நீளம்

மின்னஞ்சலில் ஒரு காடு வந்தது.
மூன்று எம்பி. பீச் மரங்கள்,
ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ மங்கலாக.
போகோர்யே மலையில் அக்டோபரில் எடுத்ததாம்.
அனுப்பியவர் பிரேதா,
மாரிபோர் மருத்துவமனை, டயாலிசிஸ் பிரிவின் தலைமைச் செவிலி.
"அகலம் ஐந்து நாற்பது, உயரம் இரண்டு எழுபது.
வியாழக்கிழமைக்குள் ஆகுமா?"

கணக்குப் போட்டேன்.
அங்குலத்துக்குப் பத்தொன்பது புள்ளி.
இந்தக் காட்டை அந்தச் சுவர் அளவுக்கு இழுத்தால்
இலையெல்லாம் சதுரம்,
மரப்பட்டையெல்லாம் களி.
படம் போதாது என்று எழுதினேன்,
வாரத்துக்கு ஒன்பது பேருக்கு எழுதும் அதே வரி.

அசலைக் கேட்டேன். மைத்துனரின் கேமராவிலிருந்து வந்தது.
முப்பத்தொன்பது.
பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை.

போன் செய்தேன், வழக்கமான கேள்வியோடு:
சுவரை எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள்?
அந்தப் பக்கம் ஓர் இயந்திரம் மூன்று முறை கூவியது,
யாரோ போய் அதை அமர்த்தினார்கள்.
"நாற்காலியிலிருந்து இரண்டரை மீட்டர்."
எழுந்து கிட்டே வந்து பார்த்தால்?
"வர முடியாது.
நான்கு மணி நேரம். குழாயின் நீளம் ஒன்றரை."

அப்படியென்றால் முப்பத்தொன்பது போதும் என்றேன்,
நல்ல சேதி சொல்லும் குரலில்.
வாக்கியம் முடியும்போது
குரல் வேறாகியிருந்தது.

யூகோஸ்லாவியா இருந்த நாளில் எழுப்பிய சுவர்.
இடப்பக்கம் இருநூற்று அறுபத்தெட்டு, வலப்பக்கம் எழுபத்தொன்று.
வளரும் பிள்ளைக்குத் துணியை மடித்துத் தைப்பதுபோல்
நான்கு ஓரமும் ஐந்து சென்டிமீட்டர் கூட்டி வைத்தேன்.
ஆறு பட்டைகள்.
மூன்றாவது இணைப்பு பெரிய மரத்தை நெடுக்கப் பிளந்தது;
காட்டைப் பதினொரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தேன்,
ஒரு பறவைகூடக் கலையவில்லை.
கட்டைவிரலை அழித்தேன்.
திரையில் எரிந்த பாசிப் பச்சை மையில் கிடைக்காது,
அது வெளிச்சத்துக்குச் சொந்தமான பச்சை.
கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றினேன்.

மாதிரித் தாளைப் பார்த்துவிட்டு பிரேதா சொன்னது ஒன்றுதான்:
"சிவப்பு இலைகளைக் குறைத்துவிடுங்கள்.
நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறார்கள்,
குழாயில்."
இரவு பதினொன்று வரை
இலை இலையாக மஞ்சளாக்கினேன்.

சுவிட்சுகள் எங்கே என்று அளக்கப் போன மாலையில்
நாற்காலிகள் காலியாக இருந்தன.
மீர்சதா என்றொரு பெண் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
மூக்குக்கும் சுவருக்கும் ஒரு சாண் இருக்கும்.
இங்கே காடு வரப் போகிறதாமே என்றாள்.
ஆமாம்.
"தினமும் துடைக்கணும், தெரியுமா?
இங்கே இருமுவார்கள்."

அவளை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

முன்னூறு புள்ளியில் ஒரு காடு தர என்னிடம் வழியில்லை.
ஞாயிற்றுக்கிழமை எங்கள் அச்சகத்தின் பின்சுவரில்
ஒரு நத்தையைப் பிடித்தேன், கேமராவில்தான்.
ஓட்டின் வரி வரியாக, கொம்பின் நுனிவரை துல்லியமாக.
ஐந்தாம் பட்டை, தரையிலிருந்து நாற்பது சென்டிமீட்டர்,
ஒரு வேரின் மேல் ஒட்டினேன்.
இரண்டரை மீட்டரிலிருந்து அது வெறும் பழுப்புப் பொட்டு.
அடுக்குகளை ஒன்றாக்கி, கோப்புக்கு
'இறுதி_4_இதுதான்_இறுதி' என்று பெயரிட்டு
அச்சுக்கு விட்டேன். பில்லில் நத்தை இல்லை.

மூன்று வாரம் கழித்து பிரேதாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி.
காடு நன்றாக இருக்கிறது,
வலது மூலையில் மட்டும் லேசாக உரிகிறது, ஆள் அனுப்பவும்.
அப்புறம், மீர்சதா கேட்கச் சொன்னாள்:
அந்த நத்தையை அழுத்தித் துடைத்தால்
சாயம் போய்விடுமா?
இதுவரை
அதைச் சுற்றித்தான் துடைக்கிறாளாம்.